மாலை வகுப்புச் சுவரில் சிலுவை வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வடசென்னை வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஷெட் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்பு திருவிழாத் தேரின் சட்டங்களைப் போட்டு வைத்திருந்த இடம். ஃபாதரிடம் கேட்டு வாங்கி ஆறு மாதமாக அங்கே மாலை ஆறிலிருந்து எட்டரை வரை பாடம் நடத்துகிறோம், நானும் இன்னும் நாலு இளைஞர்களும். முப்பத்து நாலு பிள்ளைகள் வருகிறார்கள். அம்மாக்கள் வீட்டு வேலை, மீன் கூடை என்று போகிறவர்கள், அப்பாக்கள் பெரும்பாலும் லோடு வேலை. எட்டாவது வந்த பிறகும் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாவதோடு நின்றுபோன இரண்டு பையன்கள் மெக்கானிக் ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு நேரே வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள், கேட்டால் "சும்மா வந்தோம்ணா" என்பார்கள், ஆனால் ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை.

இப்போது வெள்ளையடிக்கப் பணம் கிடைத்திருக்கிறது. அதில்தான் சண்டை. இளைஞர் குழுவில் பாதிப் பேர் முன்சுவர் முழுக்க நல்லாயனும் (ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கிற இயேசு) பெரிய சிலுவையும் வரைய வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் ஒன்றுமே வேண்டாம், உயிர்மெய் எழுத்தும் வாய்ப்பாடும் போதும் என்கிறார்கள். வருகிற பிள்ளைகளில் பாதிக்கும் மேல் இந்துக்கள், ஐந்து பேர் முஸ்லிம்கள். போன மாதம் ஒரு அம்மா வாசலில் நின்றுகொண்டே "சார், இங்க மதம் மாத்துவீங்களா?" என்று கேட்டார். இல்லைம்மா என்றேன். அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கே மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் போனார்.

நான் இதற்கு வந்ததே என் விசுவாசத்தால்தான். அதை ஒளித்து வைத்தால் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. அதே சமயம் அந்த அம்மா நின்ற நிற்பையும் மறக்க முடியவில்லை. இப்படி நடத்திய அனுபவம் உள்ளவர்கள், இப்படிப்பட்ட இடத்தில் படித்தவர்கள், எந்த மதமானாலும் சரி, மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

தஞ்சைப் பழைய மாணவன்:

ஷெட் என்று நீங்கள் எழுதியதுமே எனக்குத் தொன் போஸ்கோ ஞாபகம்தான் வந்தது, ஏழைப் பையன்களுக்காகவே வாழ்ந்த இத்தாலியக் குரு. 1906 ஜனவரியில் அவர் தொடங்கிய சபையின் துறவிகளான சலேசியர்கள் முதலில் வந்து இறங்கியது எங்கள் தஞ்சாவூரில்தான் என்பதால், சின்ன வயதிலிருந்தே இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் தூரின் நகரத்தில் பையன்களை வைத்துக்கொண்டு இடம் இடமாகத் துரத்தப்பட்டு, கடைசியில் 1846 ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) அன்று நிலையாக உட்கார்ந்தது பினார்டி என்பவருடைய ஷெட்டில்தான். கூரை அவ்வளவு தாழ்வு, உள்ளே நிமிர்ந்து நிற்பதற்காகத் தரையைத் தோண்டிப் பள்ளமாக்கினார்கள். அங்கே வந்த பையன்கள் யார் என்றால் கொத்தனார் கையாட்கள், புகைக்கூண்டு துடைக்கிறவர்கள், ஊரிலிருந்து பிழைக்க வந்து கூலிக்கு அலைந்தவர்கள். உங்கள் கிரீஸ் கைப் பையன்களின் கொள்ளுத்தாத்தாக்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1841 டிசம்பர் 8 அன்று, கோயிலின் பின்னறையில் குளிருக்கு ஒதுங்கிய ஒரு பையனுக்குப் பூசைக்கு உதவி செய்யத் தெரியவில்லை என்று கோயில்பிள்ளை கோலால் அடித்துத் துரத்திவிட்டார். தொன் போஸ்கோ "அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்" என்று திரும்ப அழைத்து வரச் சொன்னார். அப்பா இருக்கிறாரா? செத்துவிட்டார். அம்மா? அவரும்தான். படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா? எதுவும் தெரியாது. சரி, விசிலடிக்கத் தெரியுமா? அப்போதுதான் அந்தப் பையன் சிரித்தான். எல்லாம் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. அவனுக்கு எது தெரியாது என்று கண்டுபிடிக்கத்தான் ஊரே இருக்கிறதே, தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வரைக்கும் அவர் கேள்வியை நிறுத்தவில்லை பாருங்கள்.

இப்போது உங்கள் சிலுவைக்கு வருகிறேன். தொன் போஸ்கோவின் அம்மா மார்கரீத்தா ஊரில் இருந்த வீட்டை விட்டுவிட்டு மகனோடு இந்தப் பையன்களுக்குச் சமைத்துப்போட வந்தவர். கல்யாண மோதிரத்தையே இவர்களுக்காக விற்றார். 1847-ல் வைக்கோல் பரணில் தங்க வைத்த முதல் கூட்டம் விடிவதற்குள் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது. அதற்கப்புறம் அதே வருடம், மழையில் நனைந்து வந்த ஒரு அநாதைப் பையனைப் பார்த்து முதலில் தயங்கினாலும், சூப் கொடுத்து அடுப்படிப் பக்கமே படுக்கை போட்டு, தூங்கும் முன் நாலு நல்ல வார்த்தை சொன்னார். சலேசிய விடுதிகளில் இன்றைக்கும் இரவு படுக்கும் முன் சொல்கிற 'குட் நைட்' அங்கிருந்து வந்ததுதான். அப்படிப்பட்டவரே ஒரு நாள் தாங்க முடியாமல் போனார். தோட்டத்துக் காய்கறியைப் பையன்கள் விளையாட்டில் மிதித்துத் துவைத்துவிட்டார்கள், துவைத்துப் போட்ட துணி மண்ணில் கிடக்கிறது, நான் ஊருக்கே போகிறேன் என்று மகனிடம் சொன்னார். தொன் போஸ்கோ ஒன்றும் பேசவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு அறையப்பட்ட சிலுவையை, கைகாட்டினார். அம்மா அதைப் பார்த்தார், கண் கலங்கியது, "நீ சொல்வது சரிதான்" என்று ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார். 1856-ல் சாகும் வரைக்கும் அங்கேயேதான் இருந்தார்.

அந்த வீட்டில் சிலுவை வேலை செய்தது சமைக்கிறவருக்குத்தான். அதனால் என் கருத்து, நீங்கள் ஐந்து பேரும் நின்று பாடம் நடத்தும்போது உங்கள் கண்ணில் படும் பின்சுவரில் ஒரு சின்னச் சிலுவையை மாட்டுங்கள். பிள்ளைகள் பார்க்கும் முன்சுவரைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்.

லேத் பட்டறை:

நான் இந்து. காசிமேட்டுப் பையன், அப்பா விசைப்படகில் போனவர். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. எழுதிப் பாஸ் பண்ணியதும் ஒரு சலேசிய ஐடிஐயில் சேர்த்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறேன், இப்போது சொந்தமாக இரண்டு மெஷின்.

அங்கே சட்டைப் பையில் ஒரு சின்னம் இருக்கும். நட்சத்திரம், நங்கூரம், எரிகிற இருதயம், கீழே காடு. போஸ்கோ என்றாலே இத்தாலிய பாஷையில் காடு என்று அர்த்தமாம். எனக்கு மற்றது எதுவும் புரியவில்லை, நங்கூரம் மட்டும் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு வாசலிலேயே துருப்பிடித்த ஒன்று கிடந்தது, அதில்தான் நான் துணி காயப்போடுவேன். ஒரு நாள் பட்டறையில் இருந்த பிரதரிடம் "எங்க படகு நங்கூரம் எதுக்கு பிரதர் உங்க சட்டையில" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீயே சொல்லு, நங்கூரம் எப்போ போடுவாங்க?" என்றார். காத்து அடிக்கிறப்போ, கரையில ஒதுங்க முடியாதப்போ, படகு இழுத்துக்கிட்டுப் போகாம இருக்க என்றேன். "அதுதான் நம்பிக்கை" என்றார். நட்சத்திரம் விசுவாசம், நங்கூரம் நம்பிக்கை, இருதயம் அன்பு. பைபிளில் எபிரேயருக்கு எழுதின கடிதத்தில் நம்பிக்கையை நங்கூரம் என்றே சொல்லியிருக்கிறது என்றும் சொன்னார். அவ்வளவுதான், ஒரு நிமிடப் பேச்சு, அப்புறம் இரும்பு ராவுகிற ஃபைலை (அரத்தை) கையில் கொடுத்து வேலையைப் பார் என்று போய்விட்டார்.

முதல் இரண்டு மாதம் ஃபைல் பண்ணுவதுதான் வேலை. ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து நாலு பக்கமும் மட்டமாக வரும் வரைக்கும் ராவ வேண்டும். நான் அவசரத்தில் ராவினால் நடுவில் மேடாக நிற்கும். பிரதர் வந்து மட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார், இடுக்கில் வெளிச்சம் தெரியும். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். என் பின்னால் நின்று, என் இரண்டு கை மேலும் அவர் கையை வைத்து, பத்து தடவை தள்ளிக் காட்டுவார். அதற்கு முன் நான் வேலை பழகிய பட்டறையில் ஸ்பேனரால் முட்டியில் அடி வாங்கியவன் நான், அதனால் அந்தக் கை என் கை மேல் வந்த முதல் நாள் தோள் தானாகக் குறுகியது, அதை அவரும் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிற்பாடுதான் தெரிந்தது, தொன் போஸ்கோ பையன்களை வேலைக்கு அனுப்பும்போது முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதி வாங்குவாராம். 1852-ல் ஒரு தச்சரோடு போட்டது இன்னும் இருக்கிறது. தப்புச் செய்தால் வாயால் மட்டும் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிறு லீவு விட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அடுத்த வருடமே வெளி வேலையை நம்பாமல் செருப்பு தைக்கவும் துணி தைக்கவும் சொந்தப் பட்டறை போட்டுவிட்டார். அண்ணே, உங்கள் மெக்கானிக் பையன்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு தடவை நேரில் போய் முதலாளியைப் பாருங்கள். யாராவது கேட்க வருகிறார்கள் என்று தெரிந்தாலே அவர்கள் மேல் கை வைக்க யோசிப்பார்கள். சுவரில் எனக்குப் பிடித்தது நங்கூரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நெல்லைக்காரி:

நானும் கத்தோலிக்கப் பெண்தான், தலித் குடும்பம். மேலே எழுதியவர்கள் சொன்னது எதையும் மறுக்கவில்லை. ஆனால் சிலுவை இருந்தாலே அன்பு வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் வடக்கன்குளம் கோயிலை எல்லோருக்கும் தெரியும். 1872-ல் கட்டும்போதே சாதிக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டையின் இரண்டு கால் மாதிரிக் கட்டினார்கள், நடுவில் சுவர். பீடம் ஒன்று, சிலுவை ஒன்று, அதைப் பார்க்கும் ஜனம் மட்டும் இரண்டு. அந்தச் சுவரை இடிக்க 1910 வரை ஆனது. சிலுவைக்குக் கீழேயே சுவர் நிற்கும் என்பதை என் ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். ஃபீஸ் கட்டாதவர்களை அசெம்பிளி முடிந்ததும் வராந்தாவில் நிற்க வைப்பார்கள், சரியாக நல்லாயன் சுரூபத்துக்கு முன்னால். தோளில் ஆட்டுக்குட்டி, காலடியில் கண்ணாடி விளக்கு. மூன்றாவது பீரியட் வரை நின்றிருக்கிறேன். அந்த ஆட்டுக்குட்டியின் காலில் பெயின்ட் உதிர்ந்து சுண்ணாம்பு தெரியும், அது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. காணாமல் போன ஒன்றைத் தேடிப் போகிறவர் என்று மறைக்கல்வியில் சொல்லித்தருவார்கள், நான் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன், யாரும் தேடவில்லை. என் அம்மா கம்மலை அடகு வைத்து ஃபீஸ் கட்டினார். இன்றைக்கு நான் ஒரு அரசுப் பள்ளியில் டீச்சர், வகுப்பில் ஒரு பிள்ளையையும் வெளியே நிறுத்தியதில்லை.

அதனால் சுவரைப் பற்றிப் பேசும் முன் சில விஷயங்களை ஐந்து பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பணம் இல்லை என்று எந்தப் பிள்ளையும் தலை குனியக் கூடாது. தண்ணீர்க் குடமும் டம்ளரும் எல்லோருக்கும் ஒன்றுதான். சாதிப் பெயர் சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது, விளையாட்டுக்குக் கூட.

இன்னொன்று, நடைமுறை விஷயம். 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி கிறிஸ்தவரான தலித்துக்கு எஸ்.சி. இடஒதுக்கீடு கிடையாது. சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், நம்மை இன்னும் சேர்க்கவில்லை, தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில்தான் வருகிறோம். ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறை ஸ்காலர்ஷிப்பில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. இது தெரியாமலே எத்தனையோ வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் முப்பத்து நாலு பேருக்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஞாயிறு பூசைக்கப்புறம் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போவது எந்த ஓவியத்தையும் விடப் பெரிய காரியம்.

புளியந்தோப்பு அம்மா:

நான் எழுதிப் பழக்கமில்லாதவள், மகள் டைப் பண்ணுகிறாள். வாசலில் நின்ற அந்த அம்மா மாதிரி நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். எங்களுக்கு அங்காளம்மன்தான் குலதெய்வம், மாசியில் மயானக்கொள்ளைக்குப் போகாமல் இருக்க மாட்டோம். சிஸ்டர் நடத்துகிற டியூஷனுக்கு மகளை அனுப்பினேன். பயம் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். தினமும் வந்ததும் என்ன சொன்னாங்க, என்ன பாட்டு பாடினாங்க என்று கேட்பேன்.

மயானக்கொள்ளை சமயம் மூன்று நாள் வர மாட்டாள் என்று சொல்லப் போனேன், முறைப்பார்களோ என்று நினைத்தேன். சிஸ்டர் நோட்டை எடுத்து அந்த மூன்று நாள் பாடத்தை எந்தக் கிழமையில் திரும்ப நடத்துவது என்று எழுதிக்கொண்டார். பொங்கல் வைக்கிறீங்களா, எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்து விடுங்க என்றார். கொடுத்தேன், சாப்பிட்டார். அன்றைக்கு என் பயம் போய்விட்டது.

எங்களுக்குச் சாமி படம் பிரச்சினை இல்லை சார். எங்கள் வீட்டு அலமாரியிலேயே வேளாங்கண்ணி மாதா இருக்கிறாள், நேர்ந்துகொண்டு போனோம். பிள்ளை எங்கள் பழக்கத்தைச் சொன்னால் அங்கே கேவலமாகப் பேசுவார்களோ என்பதுதான் பயம். நேராகச் சொல்லிவிடுங்கள், நாங்கள் இயேசுவைக் கும்பிடுகிறவர்கள், அதனால்தான் இதைச் செய்கிறோம், உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளைதான் என்று. சொல்லிவிட்டால் நிம்மதி.

ஓய்வுபெற்ற டீச்சர்:

முப்பத்தொரு வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தவள், அதில் ஏழு வருடம் விடுதிப் பொறுப்பும் பார்த்தேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், அப்புறம் படிப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பாதம் கழுவும் சடங்கு இருக்கிறதல்லவா, ஒரு வருடம் எங்கள் விடுதித் தலைவி சிஸ்டர் கோயிலோடு நிறுத்தாமல் விடுதியிலும் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை உட்கார வைத்துக் கழுவினார். ஆறாவது படிக்கிற ஒரு பெண் காலை நீட்டவே மாட்டேன் என்று பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். கல்குவாரியில் வேலை செய்கிற குடும்பம். மெதுவாகக் காலை வெளியே எடுத்துப் பார்த்தால் குதிகால் பாளம் பாளமாக வெடித்து உள்ளே மண் ஏறியிருக்கிறது. சிஸ்டர் சடங்கையே நிறுத்திவிட்டு வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு வெடிப்பாகத் துடைத்து எடுத்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மற்ற பதினோரு பேரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து முதல் வேலையாக விடுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வந்தது. பாதம் கழுவுகிற சடங்கு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், காலைக் கையில் எடுத்தால்தானே வெடிப்பு தெரியும்.

சரி, படிப்பு. எட்டாவதில் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு எட்டாவது பாடத்தை நடத்தாதீர்கள். பிரான்ஸில் ழான் பாப்டிஸ்ட் தெ லா சால் என்ற குரு, பெரிய வீட்டுப் பிள்ளை, 1680 வாக்கில் ஏழைப் பையன்களுக்குப் பள்ளி நடத்தியபோது, லத்தீனில்தான் வாசிக்கக் கற்பிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை விட்டு, வீட்டில் பேசுகிற பிரெஞ்சிலேயே வாசிக்க வைத்தார். சீக்கிரம் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்குப் புரியாத பாஷையில் வருடத்தை வீணாக்க நேரமில்லை என்பதுதான் காரணம். பஞ்சம் வந்தபோது சொத்தையும் ஏழைகளுக்கே கொடுத்துவிட்டார். அவர் சபையின் சின்னமும் ஒரு நட்சத்திரம்தான். ஆசிரியர்களுக்குப் பாதுகாவலராக அவரை 1950-ல் அறிவித்தார்கள். நம் பக்கமும் பாருங்கள், 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு முதலில் தமிழைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் கற்றுக்கொண்டார், அடுத்த வருடமே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்.

உங்களிடம் இருக்கும் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வாசிக்கிற அளவை வைத்துப் பிரியுங்கள். எட்டாவதுப் பையன் நாலாவதுப் பெண்ணோடு உட்காரக் கூச்சப்படுவான், அதனால் அவனுக்குக் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பைக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்க அவனே முந்தின நாள் பழகிக்கொண்டு வருவான். இது எனக்கு எப்போதும் பலித்த வழி.

வடசென்னை வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன், குழுவிலும் வாசித்துக் காட்டினேன். நெல்லைக்காரி அக்கா எழுதியதை வாசிக்கும்போது யாரும் பேசவில்லை. எங்களிடமும் ஒரு தப்பு இருந்தது, மாதம் முப்பது ரூபாய் கரன்ட் செலவுக்கு வாங்கினோம், கொடுத்தவர்கள் பெயரை போர்டில் எழுதி வைத்திருந்தோம். நல்ல எண்ணத்தில்தான் எழுதினோம். போன இரவே அழித்துவிட்டோம், பணம் வாங்குவதையும் நிறுத்தியாயிற்று, அந்தச் செலவை அன்பியக் கூட்டத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடுகிற கூட்டம்) கேட்டுப் பார்க்கிறோம்.

சிலுவை பின்சுவருக்குப் போகிறது, நாங்கள் நிற்கும்போது எதிரே தெரிகிற மாதிரி. தேர்ச் சட்டத்தில் மிச்சமிருந்த தேக்குத் துண்டில் செய்கிறோம். முன்சுவரில் என்ன வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டோம். உலக வரைபடம், கிரிக்கெட் தோனி, ஒரு பெரிய படகு. படகு ஜெயித்தது. நங்கூரத்தையும் சேர்த்து வரையலாமா என்று கேட்டேன், மீன் கூடை வீட்டுப் பெண் ஒருத்தி "கயிறு நீளமா வரைங்க சார், இல்லன்னா பிடிக்காது" என்றாள்.

வாசலில் நின்ற அந்த அம்மா வீட்டுக்கு நேற்றுப் போனேன். புளியந்தோப்பு அம்மா சொன்னபடியே நேராகச் சொன்னேன். டீ கொடுத்தார். பெரியவனுக்கு ஐடிஐ சேரணுமாம், எப்போது அப்ளிகேஷன் கொடுப்பார்கள் என்று கேட்டார். லேத் பட்டறை அண்ணே, அதைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேச வேண்டும், மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். மெக்கானிக் ஷெட் முதலாளியைப் பார்க்கவும் திங்கட்கிழமை போகிறோம், நீங்களும் கூட வந்தால் நன்றாக இருக்கும், தொழில் தெரிந்தவர் பேசினால் அவர் கேட்பார்.

லேத் பட்டறை:

வர்றேன். ஆறு மணிக்கு மேல் என்றால் சௌகரியம். பையனுடைய மார்க் ஷீட், டிசி, ஆதார் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.